பெட்டி வரைய எந்த சாப்ட்வேர் என்று கேட்ட மகளுக்கு

மதி,

முந்தாநாள் நீ போனில் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். பக்கத்தில் மாப்பிள்ளை தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்டது. உன் பக்கம் பேசினால் அவர் முகம் வாடும், அவர் பக்கம் பேசினால் நீ ஒரு வாரம் போன் எடுக்க மாட்டாய். அதனால்தான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வைத்த கையோடு உங்கப்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஓசூரில் ஷெட் பிடித்து, மெஷினை இறக்கி, பூசணிக்காயும் உடைத்தாயிற்று. கல்யாணமான பிறகு அவர்களுக்குள் வந்த முதல் சண்டை நகைக்காக இல்லை, மாமியாருக்காக இல்லை, அலுமினியப் பெட்டி வரைய எந்த சாப்ட்வேர் வாங்குவது என்பதற்காக வந்திருக்கிறது என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்த மனிதர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம வூட்டுப் பொண்ணுதான், சந்தேகமே இல்ல" என்றார்.

நீ சொல்வது எனக்குப் புரிகிறது. காலேஜில் நீ படித்த பெரிய சாப்ட்வேரில்தான் பெரிய கம்பெனிகள் எல்லாம் வரைகின்றன, அதையே வாங்கிவிட்டால் நாளைக்குத் தொல்லை இல்லை என்கிறாய். மாப்பிள்ளை சொல்வதும் புரிகிறது. வருஷா வருஷம் அதற்கு வாடகை கட்டுவதைவிட, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிற இலவச சாப்ட்வேரில் நன்றாகப் பழகிக்கொள்ளலாமே என்கிறார். இரண்டுமே நியாயம்தான். நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நம் வீட்டில் இதே சண்டை நடந்தபோது என்ன ஆயிற்று என்பதை மட்டும் எழுதுகிறேன். நீயும் கூடவே இருந்தாய், ஆனால் நீ லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் உங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கோ இந்தக் கதை ஒன்றுமே தெரியாது. அவருக்கும் படித்துக் காட்டு.

அப்போது நீ திருச்சியில் மெக்கானிக்கல் கடைசி வருஷத்துக்கு முந்தின வருஷம். நம் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்தது எல்லாம் பழைய வேலைதான். மோட்டார் ஷாஃப்ட், மக்காச்சோளம் அடிக்கிற மெஷினுக்கு உதிரிப்பாகம், போர்வெல் வண்டிக்காரர்கள் அவசரமாகக் கொண்டு வருகிற உடைசல். ஆனால் உங்கப்பாவுக்கு ஓர் ஆசை இருந்தது. திருச்சியில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து உலோகத்தைக் குடைந்தெடுக்கிற, கம்ப்யூட்டரில் ஓடுகிற மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி வந்து நடுக் கூடத்தில் நிறுத்தியிருந்தார். அதற்கேற்ற வேலைதான் பெரம்பலூரில் வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் துடைத்துப் பொட்டு வைப்பார், திரும்பத் தார்ப்பாயைப் போட்டு மூடுவார். கல்யாணம் ஆகாத பெண்ணை வீட்டில் வைத்திருப்பவர் மாதிரி அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். கடைசியில் மனசு விட்டுப்போய், கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் விற்றுவிடுகிறேன் என்று வாய்வார்த்தை சொல்லிவிட்டார். ஆடி கழிந்ததும் அவர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. எனக்கு அப்போது பாலக்கரை பக்கத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் வீட்டு பிளான் வரைகிற வேலை. மெஷின் அவருடையது, வருத்தமும் அவருடையது என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சித்திரையில்தான் ஜமால் பாய் வந்தார். அரியலூரில் அளவுக் கருவிகள் செய்கிறவர், நல்ல உயரம், பேசும்போது கையால் காற்றில் படம் வரைவார். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெடி வைக்கும்போது பக்கத்து ஊர்களில் தரை எவ்வளவு அதிர்கிறது என்று அளக்கிற கருவி ஒன்றை அவரே செய்திருந்தார். உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு அருமையானது, அதை வைக்கிற பெட்டிதான் அவர் உயிரை வாங்கியது. பிளாஸ்டிக் பெட்டி வெயிலில் நெளிந்தது, தூசி புகுந்தது. அதைவிட மோசம், அதிர்வில் மூடியே கடகடவென்று ஆட, அந்த ஆட்டத்தையும் சேர்த்துக் கருவி அளந்துவிடும். "தரை ஆடுதா மூடி ஆடுதான்னு எனக்கே தெரியலண்ணே. ஒரே அலுமினியக் கட்டியிலேர்ந்து குடைஞ்சு எடுத்த பெட்டி வேணும். தண்ணி, தூசி எதுவும் உள்ள போகக் கூடாது. செஞ்சு தருவீங்களா?" என்று உங்கப்பாவைக் கேட்டார். உங்கப்பா போய்த் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டார்.

அலுமினியக் கட்டி திருச்சியிலிருந்து லாரியில் வந்தது. ஊருக்குள் திரும்ப மாட்டேன் என்று லாரிக்காரர் பாடாலூரிலேயே இறக்கிவிட்டுப் போக, உங்கப்பா டூவீலரில் காலிடுக்கில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். நான் மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று வீட்டு பிளான் போடுகிற மாதிரியே தாளில் வரைந்து கொடுத்தேன். அவர் அதை வைத்து மெஷினுக்கு எண்களைத் தட்டிக் கொடுத்தார். பெட்டி வந்தது பார், கண்ணாடி மாதிரி. ஜமால் பாய் அதைக் கையில் வாங்கி, "மாஷா அல்லாஹ், நகை மாதிரி இருக்கு" என்றார். பையிலிருந்து போர்டை எடுத்து உள்ளே வைத்தார். போகவில்லை. திருப்பி வைத்தார். போகவில்லை. போர்டின் மூலை நான்கும் சதுரம். பெட்டிக்குள்ளே மூலை நான்கும் வளைவு. சுற்றுகிற கட்டர் உருண்டைதானே, உள்மூலையைக் கூராக வெட்ட அதனால் முடியாது. இது உங்கப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தாளில் பார்த்தபோது மட்டும் எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. அப்புறம் ஜமால் பாய்தான், "பரவால்லக்கா, எங்க வூட்ல வெத்தலப் பெட்டியா வெச்சுக்கறோம்" என்றார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். வெட்டுவதற்கு முன்னால் பெட்டிக்குள்ளே போய்ப் பார்க்க ஒரு வழி வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவாயிற்று.

நீ லீவுக்கு வந்தாய். உன் லேப்டாப்பில் காலேஜில் கொடுத்த பெரிய சாப்ட்வேர் இருந்தது. நான் ஆபீசில் ஒரு தம்பியிடம் கேட்டு, அந்த இலவச சாப்ட்வேரை இறக்கி வைத்திருந்தேன். உங்கப்பா நம் இருவரையும் விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தார். பெட்டி செய்து விற்கிற ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்காக இலவசமாகவே கொடுக்கிற சாப்ட்வேர் அது. நீளம், அகலம், உயரம் கொடுத்தால் பெட்டி தானாக வந்து நிற்கும், எங்கே ஓட்டை என்று விரலால் காட்டினால் போதும். "இதான் நமக்குச் சரி. நீங்க ரெண்டு பேரும் கோடு கோடா போட்டுக்கிட்டு உக்காந்திருங்க" என்றார். சாப்பாட்டு நேரம் எல்லாம் இதே வழக்கு. உன் சாப்ட்வேரைத் திறப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறது என்று நான் சொன்னேன். என்னுடையது பார்க்கவே இழவு வீடு மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கிறது என்று நீ சொன்னாய். கடைசியில் ஜமால் பாய்தான் போட்டி வைத்தார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன். மூணு பேரும் ஒரே பெட்டிய வரையிங்க. நான் பாக்கறேன். பிரியாணி நான் கொண்டாறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பட்டறை மேசையில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். பரீட்சை ஹால் மாதிரி நீ உன் திரையைக் கையால் மறைத்துக்கொண்டாய். உங்கப்பா முதலில் முடித்தார். முடித்துவிட்டு எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நம் இருவருக்கும் பின்னால் சூப்பர்வைசர் மாதிரி நடந்தார். அடுத்தது நீ. உன் பெட்டி நீல நிறத்தில் மினுங்கியது, நிழல்கூட விழுந்தது. என் சாம்பல் பெட்டி கடைசியாக வந்து சேர்ந்தது. ஜமால் பாய் மூன்றையும் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, இப்ப நான் கஷ்டமரா நடந்துக்கறேன். பேட்டரி பெருசாயிடுச்சு. வயர் செருகுற ஓட்டை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போவணும்" என்றார்.

உங்கப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "வரையறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா பாய்?" என்றார். "எந்தக் கஷ்டமர் முன்னாடி சொல்றான்?" என்றார் அவர். உங்கப்பா அளவை மாற்றினார், பெட்டி உடனே பெரிதாயிற்று. "பாத்தீங்களா?" என்று திரும்பினார். சரி, இதை நம் மெஷினுக்கு அனுப்பலாம் என்று பார்த்தால் வெளியே எடுக்க வழியே இல்லை. அந்தக் கம்பெனியிடமே செய்து தரச் சொல்லி ஆர்டர் போடுகிற பட்டன்தான் இருந்தது. அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. அவர்கள் தங்கள் தொழிலுக்காகச் செய்து வைத்தது, வாங்குகிறவர்களுக்கு அது நல்ல வசதி. நாம் வாங்குகிறவர்கள் இல்லை, செய்கிறவர்கள். நீ உயரத்தை மாற்றினாய், உன் நீலப் பெட்டியில் பாதி சிவப்பாகிவிட்டது. ஓட்டைகள் பக்கச் சுவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன, சுவர் நகர்ந்ததும் பிடிமானம் போய்விட்டது. நீ உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்தாய். என்னுடையது மாறிக்கொண்டது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. வீடு கட்டுகிறவர்கள் வாஸ்து பார்த்துவிட்டு வந்து வாரா வாரம் சமையலறையை இடம் மாற்றச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் எல்லா அளவையும் தனியாக ஓர் அட்டவணையில் போட்டு, படம் முழுவதையும் அதோடு கட்டி வைத்திருந்தேன். எண்ணை மாற்றினால் படம் மாறும். "ஆகா" என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜமால் பாய், "மூலைய வளைச்சுக் காட்டுங்கக்கா" என்றார். வளைத்தேன். சாப்ட்வேர் அப்படியே உறைந்து, தானாக மூடிக்கொண்டது. நீ சிரித்த சத்தத்தில் எதிர்க்கடை வெல்டிங்காரர் எட்டிப் பார்த்தார்.

யாருக்கும் வெற்றி இல்லை. ஆனால் பிரியாணியைத் தட்டில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நீ எழுந்து போய்விட்டாய். ஒரு கையில் எலும்பை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் மாதிரியே உன் சாப்ட்வேரிலும் எண்களை எல்லாம் அட்டவணையாகப் போட்டுப் பார்த்தாய். ஜமால் பாயைக் கூப்பிட்டு, "அங்கிள், இப்ப எவ்வளவு வேணா மாத்துங்க" என்றாய். அவர் பேட்டரியைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், ஓட்டையை நான்கு பக்கமும் ஓட்டினார். ஒன்றுகூடச் சிவக்கவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. "அப்ப இதையே வெச்சுக்கலாமே" என்று உங்கப்பா சொன்னார். நீதான், "இல்லப்பா, இது காலேஜ்ல படிக்கறதுக்குக் குடுத்தது. தொழிலுக்குப் போட்டா தப்பு" என்றாய். உங்கப்பா உன்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ கவனித்திருக்க மாட்டாய். அது மரியாதையான பார்வை.

அடுத்த வாரம் திருச்சியிலிருந்து சாப்ட்வேர் விற்கிற தம்பி வந்தார், டையெல்லாம் கட்டிக்கொண்டு. அவர் கொண்டுவந்தது நடுத்தரமானது, வாடகைக்கு எடுப்பது. வழக்கமாகக் காட்டுகிற பம்புப் படத்தைக் காட்ட ஆரம்பித்தார். நீ நிறுத்திவிட்டாய். "சார், இது வேணாம். எங்க பெட்டிய வரைஞ்சு காட்டுங்க" என்றாய். பாவம், அவருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜமால் பாயின் போர்டுப் படத்தை அப்படியே உள்ளே கொண்டுவர முடியுமா என்று கேட்டாய், கொண்டுவந்தார். திரையிலேயே போர்டு பெட்டிக்குள் உட்கார்ந்து எந்த மூலை இடிக்கிறது என்று காட்டியது. மூலைகளில் சின்னக் குழி விட்டுச் சரிசெய்தார். பேட்டரியைப் பெரிதாக்கச் சொன்னாய், ஆக்கினார். நெட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் உங்கப்பா போய் வயரைப் பிடுங்கிவிட்டார். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "ஓடும் சார், மறுபடி நெட் வந்ததும் சேத்து வெச்சுக்கும்" என்றார், ஓடியது. பெட்டியைப் பொதுவான வடிவத்தில் வெளியே எடுத்து என் இலவச சாப்ட்வேரில் திறந்து பார்த்தோம், குறையில்லாமல் திறந்தது.

அப்புறம் உங்கப்பா முறை. அதுவரை தள்ளி நின்று பார்த்தவர் மவுசைக் கையில் எடுத்தார். பெட்டியைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், மெல்ல உள்ளே போனார். "உள்ள பூந்து பாத்த மாதிரி இருக்கு" என்றார். கட்டர் எப்படி ஓடும் என்பதையும் அதிலேயே ஓட்டிக் காட்டினார் அந்தத் தம்பி. ஆழமான இடத்தில் கட்டர் இறங்கியபோது, "ஏய், நிறுத்து, கழுத்து இடிக்குது" என்று உங்கப்பா சொல்லவும், திரை சிவக்கவும் சரியாக இருந்தது. அவர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். கூட வேலை செய்கிற மேஸ்திரியைப் பார்த்துத் தலையாட்டுவாரே, அதே மாதிரி. அதையே எடுத்துக்கொண்டோம், அன்றோடு முடிந்தது தேடல். அந்தத் தம்பி நம் வீட்டில் மோர்க்குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

பெட்டி வெட்டினோம். கறுப்புப் பூச்சுக்கு அனுப்பி வாங்கினோம். ஜமால் பாய் போர்டை மேலே வைத்துக் கையை எடுத்தார், அது தன் எடையிலேயே மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. ஆனால் அது பட்டறைக்குள். வெளியே தரையில் போட்டு அளந்து காட்டினால்தான் அவருக்குச் சுற்றுவட்ட ஊர்களுக்கெல்லாம் ஆர்டர் வரும், அவருக்கு வந்தால்தான் நமக்கு. அது நடக்காவிட்டால் மெஷின் கோயம்புத்தூர் போகும்.

அரியலூருக்கு அந்தப் பக்கம், சுரங்கத்தை ஒட்டிய அந்த ஊருக்கு நாம் எல்லோரும் ஜமால் பாயின் வேனில் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். சரோஜா என்கிற அம்மா தன் வீட்டுக் கொல்லையில் இடம் கொடுத்திருந்தார். முந்திரித் தோப்பு ஓரம். பெட்டியைத் தரையில் சிமெண்டு போட்டு போல்ட்டால் இறுக்கியாயிற்று. அந்த வீட்டிலும் ஒரு சண்டை இருந்தது. வெடி வைக்கிறபோது வீடு ஆடுகிறது என்பது சரோஜாவின் கட்சி. அவர் வீட்டுக்காரர் அதெல்லாம் பிரமை என்றார். "அலமாரில டம்ளர் கிடுகிடுன்னு ஆடுதுங்க. இவரு தின்னுட்டுத் தூங்கறாரு, இவருக்கு எங்க தெரியப்போவுது" என்று அந்தம்மா உன்னிடம் முறையிட்டார். நீ அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது எப்படித் தெரிந்துகொள்ளும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடக் கலக்காமல், தயிர்ச்சட்டியில் விரல் பட்டால் தயிர் எப்படி நடுங்கும் என்று சொன்னாய். உன்னைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெடி வைக்கப்போவதை அறிவிக்கிற சங்கு ஊதியது. எல்லோரும் ஜமால் பாயின் கையிலிருந்த திரையைப் பார்த்தோம். கோடு நேராக, ஆடாமல் போய்க்கொண்டிருந்தது. பழைய பெட்டியில் காற்றடித்தாலே கோடு கிறுக்கும், இப்போது மயிரிழைகூட அசையவில்லை. தூரத்தில் தொம்மென்று ஒரு சத்தம். காலுக்கடியில் ஏதோ ஓடிப்போன மாதிரி இருந்தது. திரையில் கோடு எழும்பி, அடுக்கடுக்காகச் சுருங்கி, மறுபடி நேராயிற்று. அவ்வளவு சுத்தமான கோட்டை ஜமால் பாயே பார்த்ததில்லை போல. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார்.

"ஆடிச்சா இல்லையா, அதச் சொல்லுங்க" என்றார் சரோஜா.

"ஆடிச்சும்மா."

"கேட்டுக்க" என்று வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா அனுமதிச்ச அளவுக்குள்ளதாம்மா ஆடியிருக்கு" என்றார் ஜமால் பாய்.

"அத நீ கேட்டுக்க" என்றார் வீட்டுக்காரர்.

கொல்லை முழுக்கச் சிரிப்பு. அந்தம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நம் எல்லோருக்கும் முந்திரிப் பழம் பறித்துக் கொடுத்தார்கள். உங்கப்பா சட்டையெல்லாம் சாறு. வேனில் திரும்பி வரும்போது, எதிரே வந்த கல்லு லாரிகளின் புழுதியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நீ சொன்னாய்: "அம்மா, நான் சென்னைக்கெல்லாம் போவல. இந்த வேலையேதான் பாக்கப்போறேன்." உங்கப்பா முன்சீட்டில் தூங்குவதுபோல் சாய்ந்திருந்தார். தூங்கவில்லை. அவர் காது ஓரம் சிவந்ததை நான் பார்த்தேன். மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, "மன்னிச்சுக்குங்க, மெஷினுக்கு வரன் அமைஞ்சிடுச்சு" என்று சொன்னார். அந்த மனிதருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இனி உங்கள் வழக்குக்கு வருகிறேன். நீ கேட்கிற பெரிய சாப்ட்வேரில் ஒரு நன்மை உண்டு. ஓசூரில் அதைத் தெரிந்த பிள்ளைகள் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள், நாளைக்கு ஆள் வைக்கச் சுலபம். மாப்பிள்ளை சொல்கிற இலவச சாப்ட்வேர் நான் தொட்ட காலத்தில் மூலையை வளைத்தால் மயங்கி விழுந்தது, இப்போது ரொம்பவே தேறிவிட்டது, நானே இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் சந்தேகம் வந்தால் நீங்களே தேடி, நீங்களே படித்துக்கொள்ள வேண்டும். அதற்கு உங்கள் இருவருக்கும் நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டியைக் குடைந்துதான் செய்யப்போகிறீர்களா, தகட்டை மடித்தும் செய்வீர்களா என்று முதலில் பேசி முடிவு பண்ணுங்கள், இரண்டுக்கும் தேவை வேறு வேறு. எதை வாங்கினாலும் வரைந்தது உங்கள் கையோடு வெளியே வர வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. மற்றபடி சண்டையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஒரே பெட்டியை இரண்டு பேரும் அவரவர் சாப்ட்வேரில் வரையுங்கள். உங்கள் முதல் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பாதியில் மனசை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தப்பு எங்கே வருகிறது என்று இருவரும் ஒரே திரையைப் பாருங்கள். அப்போது யார் சொன்னது சரி என்று கேட்கத் தோன்றாது. அடுத்து என்ன செய்யலாம் என்றுதான் தோன்றும். என் அனுபவத்தில் குடும்பம் நடத்துவதற்கும் இதைவிட நல்ல யோசனை ஒன்றும் எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். உங்கப்பா சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் சொல்கிறேன். நீ போன பிறகு பட்டறையில் நான்தான் வரைகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். போன வாரம் நான் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் திரையை மூடப்பார்த்தார், மூடத் தெரியவில்லை. பார்த்தால் ஓர் அஞ்சறைப் பெட்டி. ஒரே கட்டியில் குடைந்து எடுக்கிற மாதிரி, வட்ட வட்டமாகக் குழி, இறுக்கமாகத் தட்டிச் சாத்துகிற மூடி, மூடியின் மேல் ஒரு முந்திரிக் கொத்து. யார் உதவியும் இல்லாமல் அவரே வரைந்தது. "யாருக்குங்க?" என்றேன். "ஓசூர்ல ஒரு புது பார்ட்டி" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாப்ளைக்குச் சீரகம் தனியா வேணுமா, சோம்பு தனியா வேணுமான்னு நைசா கேட்டுச் சொல்லு. அஞ்சு குழிய ஏழாக்கணும்னாலும் ஆக்கிடலாம். ஒரு எண்ண மாத்தினா போதும்" என்றார்.

ஆகவே மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றச் சொல், உங்கப்பா அதற்காகவே காத்திருக்கிறார். பெட்டி வந்ததும் கடுகு, உளுந்து, வெந்தயம் எது வேண்டுமானாலும் போட்டுக்கொள். உப்பும் புளியும் மட்டும் வேண்டாம், அலுமினியத்துக்கு ஆகாது.

உன் அம்மா